எண்ணெயில் குழைத்த மீசை

நைனா,

இன்று காலை அம்மா என்னை மாட்டுக் கொட்டகைக்கு விரட்டினாள். "கம்பு பால் புடிச்சிடுச்சு. குருவிங்க கண்ணாலப் பந்தி மாதிரி வரிசையா வந்து குந்துதுங்க. மூலையில ஒரு சட்டி கவுந்துகினு கீது பாரு, அத்த எடுத்து ஒரு கொம்புல மாட்டிட்டு வா" என்றாள். அது எந்தச் சட்டி என்று அவள் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும். வைக்கோல் எடுக்க அந்த மூலை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் வைக்கோல் எடுக்கிற வித்தையை நான் பழகி வைத்திருக்கிறேன்.

சட்டியை எடுத்துப் புழுதியைத் துடைத்தேன். விளக்கெண்ணெய் வாசனை லேசாக வந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. மீசை மட்டும் இருந்தது. வலது முனை மேலே, இடது முனை கீழே. முகமே போய்விட்டது, மீசைக்கு மட்டும் போக மனமில்லை.

நீ பார்த்தால் சிரித்திருப்பாய். தப்பு. பழைய நைனா பார்த்தால் சிரித்திருப்பார். கடைசி ஒரு வருடத்து நைனா "எடுத்த எடத்துல வெய்டா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பியிருப்பார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இந்தச் சட்டிதான் இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். தபாலில் போட வழியில்லை. அம்பத்தூர் தபால்காரர் இப்போதைக்கு உன் ஊர்ப் பக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை. ஆள் திடமாகத்தான் இருக்கிறார்.

செவலை மாடு உன் முட்டியை உதைத்தபோது எனக்கு எட்டு வயது. உன் வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. வைத்தியர் வந்து கட்டுப் போட்டார், கட்டை அவிழ்த்தார், முட்டி மட்டும் மடங்கவில்லை. ஏர் சித்தப்பா கைக்குப் போனது. சித்தப்பா உன்னைவிடப் பத்து வயது சின்னவர். பேச்சில் பத்து வயது பெரியவர். "அண்ணாத்தே, நீ பட்ட கஷ்டம் போதும். இனிமே கொல்லையாண்ட குந்திகினு குருவி ஓட்டு" என்றார். கேட்பதற்குக் கரிசனமாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊரில் குருவி ஓட்டுவது யார் என்று அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பல் முளைக்காத பொடியன்களும் பல் விழுந்த கிழவர்களும். உனக்கு முப்பத்திரண்டும் இருந்தது. முட்டி மடங்கவில்லை என்பதற்காக ஆளையே மடித்து மூலையில் வைத்தார்கள்.

ஏரிக்கரையை ஒட்டின மேட்டு நிலத்தில் நம் கம்பங்கொல்லை. ஓரமாகத் திருமுல்லைவாயிலுக்குப் போகிற வண்டிப்பாதை. அங்கே ஊர் வழக்கப்படி ஒரு பொம்மை நின்றது. கொம்பு ஒன்று, குறுக்கே கொம்பு ஒன்று, மேலே கவிழ்த்த சட்டி, சட்டியில் மூன்று சுண்ணாம்புப் பொட்டு. எல்லார் கொல்லையிலும் அதே பொம்மைதான். நீ அதற்கு எதிரே உட்கார்ந்தாய். அது உன்னைப் பார்த்தது, நீ அதைப் பார்த்தாய். பத்து நாள் கழித்து வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாய்: "அந்தப் பொம்மையைக் குருவி மூணு நாள்ல கண்டுபுடிச்சிடுது. நாலாம் நாள் அது தலைமேலயே குந்திகினு தின்னுது. நாலாம் நாள் வேற பண்ணணும்."

சித்தப்பா கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கினார். "வேற வேல இல்லியா அண்ணாத்தே உனக்கு?"

"இல்லியே. அதான் புடுங்கிக்கினியே" என்றாய் நீ. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கஞ்சி மூக்கில் ஏறியது.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கையை மடக்கினாய். அதுவரைக்கும் எந்தப் பொம்மைக்கும் முழங்கை இருந்ததில்லை. வேலிக் கிளுவையில் வளைந்த கொம்பாகத் தேடி, இடுப்பில் கை வைத்த ஆளாக அதை நிறுத்தினாய். நாலாம் நாள் அவன் ஒரு பனங்கட்டைமேல் உட்கார்ந்திருந்தான், அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவனைப்போல. அடுத்து, பூந்தமல்லி சந்தையில் குடை பழுது பார்க்கிற பாயிடம் உடைந்த குடைக்கம்பிகளை வாங்கி வந்து, காற்றடித்தால் விரிந்து மடங்குகிற கையைச் செய்தாய். ஒரு தடவை அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கட்டி, குனிந்து களை எடுக்கிற பெண்ணாக ஒருத்தியை வைத்தாய். முதுகு மட்டும் தெரியும். கோயிலுக்குப் போகிற வண்டி ஒன்று நின்று, வண்டிக்காரர் அவளிடம் வழி கேட்டார். பதில் வராததால் "இன்னா திமிரு இந்தப் பொம்பளைக்கு" என்று திட்டிவிட்டுப் போனார். நீ வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாய். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். பெரியவர்கள் படுத்துச் சிரிப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மா மட்டும் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. "எம்புடவையைக் கட்டிகினு அவ காத்தோட்டமா நிக்கறா. நான் அடுப்பாண்ட நிக்கறேன். அவளையே சோறாக்கச் சொல்லு" என்றாள். நாலாம் நாள் அவள் பேசினாள். நீ வேறு பொம்மை செய்துவிட்டாய்.

கொல்லையில் தொடங்கியது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வயலுக்குப் போனால் ஒரே வரப்பில் இரண்டு நாள் போகமாட்டாய். மோரில் ஒரு நாள் நார்த்தங்காய் இலை, ஒரு நாள் ஓமம், ஒரு நாள் எதையோ போட்டு எல்லாருக்கும் வயிறு கலக்கியது. மாட்டு மணியை இடம் மாற்றிக் கட்டி எந்த மாடு எந்தச் சத்தம் என்று எங்களைக் கண்ணை மூடிச் சொல்லச் சொல்வாய். முட்டி கெட்டவன் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நீ இதைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வயது ஏறுவதைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால், "கெழவன்னா ஆரு? நாலாம் நாளும் அதே மாதிரி நிக்கறவன்" என்பாய். சித்தப்பா அதைக் கேட்டு முகம் சுளிப்பார். சித்தப்பா முகத்தில் சிரிப்புக்கு என்றைக்கோ சர்க்கார் தடை போட்டுவிட்டது.

இனி வரப்போகிறது நான் அசட்டையாகச் சொல்ல முடியாத கதை. ஆனாலும் அசட்டையாகத்தான் சொல்வேன்; எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

நான் அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் சேர்ந்த வருடம், அங்கே எனக்கு ஒரு பெயர் காத்திருந்தது. பொம்மை மவன். நான் ஊருக்கே பட்டப்பெயர் வைக்கிறவன். கணக்கு வாத்தியாருக்கு நான் வைத்த பெயரை அவர் சம்சாரமே வீட்டில் சொல்லுவதாகக் கேள்வி. எனக்கே ஒருத்தன் பெயர் வைப்பதா? நான் வகுப்பில் எழுந்து நின்றால் நாலு பயல்கள் கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஆடாமல் நிற்பார்கள். "உங்க நைனா இன்னிக்கு இன்னா பொம்மடா?" என்பார்கள். வீட்டுக்கு வரும்போது கொல்லைப் பாதையை விட்டுச் சுற்றி வர ஆரம்பித்தேன். நீ என்னைத் தூரத்தில் பார்த்துக் கையை ஆட்டுவாய். நான் பார்க்காததுபோல் போவேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் வருகிற கோபத்துக்கு நல்ல வார்த்தை கிடையாது. கெட்ட வார்த்தை நிறைய இருக்கிறது. உனக்கு எழுதுகிற கடிதத்தில் வேண்டாம்.

ஊர் சிரிப்பை உன்மேலிருந்து வேறு யார் தலைக்காவது மாற்றிவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன். அகப்பட்டவர் மணியக்காரர். ஊருக்குப் பெரிய தலை. ஏரி மதகு யாருக்கு எப்போது திறக்க வேண்டும் என்பது அவர் வாயில் இருந்தது. அவருக்கு ஒரு பழக்கம்: பேசும்போது வலது மீசையை மட்டும் முறுக்குவார். இடது கையில் எப்போதும் தடி இருக்கும். அதனால் மீசையின் வலது முனை வானத்தையும் இடது முனை பூமியையும் பார்க்கும். அந்த வாரம் கொல்லையில் உன் பொம்மை ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி, இடது கையைத் தடிபோல ஊன்றி நின்றான். பாதிக் கண் மூடின, எதற்கும் அசராத ஆள். மீசை கிடையாது. மூன்று நாளாக அவனைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒரே ஒரு குறைதான் என்று என் கை அரித்தது. உண்மையைச் சொன்னால், குறும்பு பாதி, அந்த அரிப்பு பாதி.

நீ சாப்பிட வீட்டுக்குப் போன மத்தியான நேரத்தில் போனேன். நீ எப்போதும் கரியைத் தண்ணீரில்தான் குழைப்பாய். மழை வந்தால் ஓடிவிடும், மறுபடி எழுதுவாய். என் வேலை மழைக்கு ஓடக்கூடாது என்று அம்மாவின் விளக்கெண்ணெய் சீசாவை எடுத்துப் போயிருந்தேன். அடுப்புச் சட்டியில் சுரண்டின கரியை அதில் குழைத்து, விரலால் ஒரே இழுப்பு. வலது முனை மேலே, இடது முனை கீழே. பின்னால் நகர்ந்து பார்த்தேன். நைனா, மணியக்காரரே நம் கம்பங்கொல்லையில் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. களை எடுக்க வந்த பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவருக்குக் கும்பிடு போட்டார்கள். ஒரு காக்கை தலையில் உட்கார்ந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போனபோது, ஏரிக்கு அக்கரையில் அயனம்பாக்கம் வரைக்கும் சிரிப்பு கேட்டிருக்கும். நீ பொம்மைக்கு ரொம்பக் கிட்டே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயாம். மறுநாள் நாலாம் நாள், நீ அதை மாற்றியிருப்பாய். ஆனால் விடிவதற்குள் மணியக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கொல்லைப் பொம்மை எதற்கு நிற்கிறது? குருவிக்கு மட்டுமில்லை, கண்ணேறு வாங்கத்தான். போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் பயிர்மேல் விழாமல் அதன்மேல் விழும். அது ஒரு மனிதரின் முகத்தோடு நின்றால் அத்தனை கண்ணும் அந்த மனிதர்மேல் விழும் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கொல்லையிலேயே கூடினார்கள். மணியக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். நான் ஊர்ப் பயல்களோடு வேலியோரம் நின்றேன்.

"ஆரு பண்ணது?" என்றார் ஒருவர்.

நீ நொண்டிக்கொண்டு முன்னால் போனாய். "எங்கொல்லை, எம்பொம்மை. வேற ஆரு பண்ணுவா? நான்தான்."

"சரி, ஒடைச்சிப் போட்டுடு."

"ஒடைக்கறதா? அவர் உசுரோட குந்திகினு கீறாரு, அவர் தலையை ஒடைன்றியே, புத்தி கீதா?" என்றார் இன்னொருவர்.

"அப்ப கொளுத்திடலாம்." மணியக்காரர் கம்பளிக்குள் இருமினார். கொளுத்தச் சொன்னவர் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

"ஏரில வுட்டுட்டா?"

"முழுகிட்டாருன்னா?"

"சும்மா எறக்கிப் படுக்க வெச்சிடலாமே."

"எப்டி? தெக்கால தலை வெச்சா, வடக்கால தலை வெச்சா?"

ஒரு பொம்மையைச் சாகடிக்காமல் அகற்றுவது எப்படி என்று பதினைந்து பெரிய மனிதர்கள் வெயில் உச்சிக்கு வரும்வரை யோசித்தார்கள். அவ்வளவு யோசனையை அவர்கள் வேறு எதற்கும் செலவழித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. "நின்ன வாக்குலயே இருக்கட்டும். எழுதின கையே கழுவட்டும். மொகம் போயிட்டா அப்புறம் அது வெறும் சட்டி, எறக்கிக்கலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தப்பா உன் பக்கம் திரும்பி, ஊர் கேட்க, "வயசுக்கு ஏத்த வேல பார்த்தா இதெல்லாம் வருமா அண்ணாத்தே?" என்றார்.

ஈர வைக்கோலை உன் கையில் கொடுத்தார்கள். நீ கழுவினாய். அந்தப் பாதி மூடின கண்கள் ஒரு தேய்ப்பில் போயின. மூக்கு போனது. வாய் போனது. மீசை போகவில்லை. மறுபடி தேய்த்தாய். வைக்கோல்தான் கறுத்தது. அப்போது ஒரு நொடி கையை நிறுத்தி, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாய். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பிறகு இன்னும் பலமாகத் தேய்த்தாய். மடங்காத காலை ஊன்றிக்கொண்டு, வியர்வை சொட்ட, வெறும் சட்டியில் ஒட்டியிருந்த ஒரு மீசையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "மணியக்காரர் மீசை ஆருக்கும் மசியாது டோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. மணியக்காரரே வலது முனையை முறுக்கிக்கொண்டார்.

நானும் சிரித்தேன். என்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். இதை எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

மீசை மட்டும் இருந்தால் ஆள் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, சட்டியை இறக்கிக் கொட்டகையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மதகு வழக்கம்போலத் திறந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நீ கொட்டகையில் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். நான் வைக்கோல் கட்டைக் கொண்டுவந்து போட்டேன். நீ கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"கரியை வெளக்கெண்ணெய்ல கொழைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லடா. இத்தினி வருசமா தண்ணில கொழைச்சிகினு, மழை வந்தா அழிச்சிகினு கெடந்தேன். எவனுக்கோ தோணிக்கீது பாரு."

நான் வைக்கோலை உதறினேன். உதறத் தேவையில்லாத வைக்கோல்.

"ஒரே இழுப்பு. நடுவுல கை நிக்கவே இல்ல. நான் அந்தாளை மூணு நாளா பார்த்துகினு கீறேன், இன்னா கொறைன்னு புரியல. ஒரு கோடு. அவ்ளோதான் கொறை." அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வண்டிக்காரர் அந்தச் சிவப்புப் புடவைக்காரியிடம் வழி கேட்ட அன்று உன் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது. "நீ இல்லியா?" என்றாய்.

என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கையை வைக்கோலுக்குள் விட்டுக்கொண்டேன். "நான் ஏன் பண்றேன்? எனக்கு வேற வேல இல்லியா?" என்றேன்.

சித்தப்பாவின் வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பெயர் வைக்கிறவன், பேச்சில் விளையாடுகிறவன், பத்து வார்த்தையில் பத்துப் பேரை மடக்குகிறவன், அன்றைக்கு என் வாயில் சொந்தமாக ஒன்றும் வரவில்லை.

"அப்ப சரி" என்றாய். கன்றின் கழுத்தைத் தடவினாய். அவ்வளவுதான்.

அடுத்த கம்புக்கு நீ ஒரு பொம்மை வைத்தாய். கொம்பு ஒன்று, குறுக்கே கொம்பு ஒன்று, புதுச் சட்டி, மூன்று சுண்ணாம்புப் பொட்டு. மூன்று நாள் போனது. நான் நாலாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது கொல்லைப் பாதையில் போனேன். அதே பொம்மை. ஐந்தாம் நாளும் அதே. குருவி அதன் தோளில் உட்கார்ந்து உண்டது. நீ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், ஓட்டக்கூட இல்லை.

ஊருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் ஒங்க நைனா மனுசனா ஆனாரு" என்று என்னிடமே சொன்னார்கள். சித்தப்பா உன்னை மரியாதையாக நடத்த ஆரம்பித்தார். அசையாமல் இருப்பவர்களிடம் அவருக்கு எப்போதும் மரியாதை அதிகம். மோரில் உப்பு மட்டும். தினம் ஒரே வரப்பு. ஒரு வருடத்தில் உன் முதுகு வளைந்தது, குரல் இறங்கியது, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினாய். அவமானத்தில் அடங்கிவிட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் ஊர் உன்னைப் பார்த்து ஆறு வருடம் சிரித்ததே, பொம்மை செய்வதை ஒரு நாளாவது நிறுத்தினாயா? சிரிப்புக்கு நீ அடங்குகிற ஆளா? நீ அன்று மன்னிக்க ஆள் தேடவில்லை. கூட ஒரு கை கிடைத்ததா என்றுதான் கேட்டாய். இந்த வீட்டில் இன்னொருவனுக்கும் கை அரிக்கிறது என்று நினைத்து, மாட்டுக் கொட்டகையில் நின்று கேட்டாய். நான் இல்லை என்றேன்.

ஒரு தடவை சரிசெய்யப் பார்த்தேன், வெட்கக்கேடாக. கொட்டாங்குச்சியில் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் நீ உட்காரும் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தேன். அதை வண்டி அச்சுக்குத் தடவியிருந்தாய். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் கொட்டாங்குச்சியைப் பேச வைத்தால் அது அச்சோடுதான் பேசும்.

போன ஐப்பசி மழையில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆறாம் நாள் போய்விட்டாய். உன் பிள்ளை என்பதால் என் தோளில் குடத்தை வைத்தார்கள். நீ பொம்மைக்குச் சட்டி வாங்குகிற அதே குயவரின் குடம். மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை. முதுகில் தண்ணீர் வழிந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடம் வழுவழுவென்று, ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இருந்தது. ஒரு கண்ணாவது போட்டிருக்கலாமே என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைக்கிறவன் உன் பிள்ளைதான். உன்னிடம் மட்டும் இல்லை என்று சொன்னவன். "பின்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போ" என்றார் சித்தப்பா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை அப்படியே செய்தேன். உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்று கொட்டகையில் சட்டியின் மீசையைப் பார்த்த பிறகு உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன், நைனா. ஏதாவது எழுதி வைத்திருப்பாயோ, எனக்கென்று ஒரு முகம், ஒரு கோடு. குளவி கூடு கட்டியிருந்தது. அவ்வளவுதான். நீ எனக்காக எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? வேறு வேலை இருக்கிற பிள்ளைக்கு.

சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். மூன்று பொட்டு வைத்து மாட்டிவிட்டால் அம்மா சொன்ன வேலை முடிந்தது. சுண்ணாம்பில் விரலைத் தோய்த்தேன். பொட்டு வைக்க வரவில்லை. அந்த மீசைக்கு மேலே உன் கண்களைப் போட்டுப் பார்த்தேன். உனக்கு மீசை கிடையாது, இருக்கட்டும். இனிமேல் உன் முகத்தைக் கொல்லையில் வைத்தால் யாருக்குக் காய்ச்சல் வரும்? இடது கண் எப்போதும் கொஞ்சம் சுருங்கியிருக்கும், சிரிப்பு வருவதற்கு முன்னால். மூன்று தடவை அழித்து எழுதினேன். நீ வரவில்லை. யாரோ ஒரு ஆள் வந்தான், உன் சாடை இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். இருக்கட்டும் என்று, வீட்டுக்கு ஓடிக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வந்து, அந்தக் கோடுகளின் மேலேயே விரலால் இழுத்தேன்.

சித்தப்பா ஏரோடு வரப்பில் போனவர் நின்றார். "பரீட்ச வருதாமே. வேற வேல இல்லியாடா உனக்கு?"

"இல்ல சித்தப்பா" என்றேன். "இதான் வேல."

அவர் அந்த மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். இன்றைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மணியக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தாலும் வரட்டும். யார் பண்ணியது என்று கேட்டால், இந்தத் தடவை முன்னால் போய் நிற்க இன்னொருத்தர் இல்லை.

இதை வரப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ செய்ததுபோல இல்லை, நைனா. முழங்கை கோணல், தலை சாய்ந்து நிற்கிறது. மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு குருவி இப்போதே அதன் தோளில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. நாளைக்கு வேறு பண்ண வேண்டும். நகக்கண்ணில் கரி ஏறிவிட்டது. விளக்கெண்ணெய் ஆயிற்றே, சோப்புக்கும் போகாது. நோட்டில் பக்கம் பக்கமாக என் விரல் பதிந்திருக்கிறது.

அன்றைக்குக் கேட்டாயே, "நீ இல்லியா?" என்று.

நான்தான், நைனா. எண்ணெய்லதான் கொழைச்சேன்.